அழுகிய திராட்சை அரண்மனை போன கதை

பிரான்சின் பொர்தோ நகருக்குத் தென்கிழக்கே, சோத்தேர்ன் வட்டாரத்துக் குன்று ஒன்றின்மேல் இகெம் மாளிகை நிற்கிறது. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற இனிப்பு ஒயின் பிறக்கும் இடம் அது. 2012 டிசம்பரில் அங்கிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: இந்த ஆண்டு எங்கள் பெயரில் ஒயின் வராது. கொடிகள் பட்டுப்போய்விடவில்லை. திராட்சை காய்த்தது, ஆட்கள் பறித்தார்கள், சாறு பீப்பாய்க்கும் போனது. ருசி பார்த்தவர்கள்தான் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார்கள். ஓர் ஆண்டின் வருமானம் முழுவதும் அந்தத் தலையசைப்பில் போயிற்று. 1972, 1974, 1992 ஆகிய ஆண்டுகளிலும் அங்கே இதுவேதான் நடந்தது.

விருந்து முடியும் வேளையில் சின்னக் கிளாஸில் வரும் பொன்னிற இனிப்பு ஒயினைப் பலரும் அறிவார்கள். அது பூஞ்சை பிடித்து அழுகிய பழத்திலிருந்து வந்தது என்று அறிந்தவர்கள் குறைவு. அந்த அழுகலுக்கு ஊரார் மத்தியில் ஒரு கௌரவம் தேடித்தர எத்தனை கதைகள் கட்ட வேண்டியிருந்தது என்பதோ இன்னும் குறைவான பேருக்கே தெரியும். கதை மத்தியதரைக் கடலின் வெயிலில் தொடங்குகிறது.

திராட்சையில் சர்க்கரையைக் கூட்ட ஆதியில் இருந்த முக்கிய வழி, பறித்து வெயிலில் காயப்போடுவது. ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கவி ஹெசியட், உழவர்களுக்கு எழுதிய நூலில் இதற்கு நாள் கணக்கே தருகிறார். பத்து நாள் வெயிலில், ஐந்து நாள் நிழலில், அதன்பிறகே பிழிய வேண்டும். தண்ணீர் போனால் இனிப்பு மிஞ்சும்; அந்த இனிப்பு முழுவதையும் தின்று தீர்க்க முடியாமல் ஈஸ்ட் நடுவழியில் ஓய்ந்துவிடும். மிஞ்சிய சர்க்கரைதான் ஒயினின் இனிப்பு. சைப்ரஸ் தீவில் இன்றும் இதே முறையில் 'கமாண்டாரியா' என்ற ஒயினைச் செய்கிறார்கள்.

ஒயினுக்கு ஆண்டு பார்க்கும் வழக்கமும் பழையதுதான். கி.மு. 121இல் ரோமில் ஒபிமியஸ் என்பவர் கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவியில் இருந்தார். அந்த ஆண்டு வெயில் வாய்ப்பாக அமைந்து, திராட்சை அபாரமாகப் பழுத்தது. ரோமானியர்கள் ஆண்டை எண்ணால் குறிக்காமல் கான்சல் பெயரால் குறித்தவர்கள் என்பதால், அவர் பெயரே ஒயினின் பெயராகிவிட்டது. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒயின் கொஞ்சம் எஞ்சியிருந்ததாக ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார். அது தேன்போல் இறுகிக் கசப்பேறிப் போயிருந்தது. தனியாகக் குடிக்க முடியாததால் மற்ற ஒயின்களில் சிறிது கலந்து மணமூட்டப் பயன்பட்டது. பெயர் புகழ்பெற்றதும் போலிகள் கிளம்பின. நீரோ காலத்து எழுத்தாளர் பெட்ரோனியஸின் கதையில் ஒரு புதுப்பணக்காரர், நூறு ஆண்டு பழைய ஒபிமியன் என்று சீட்டு ஒட்டிய சாடிகளை விருந்தில் இறக்குகிறார். கணக்குப் பார்த்தால் நிஜமான ஒபிமியனுக்கு அப்போது 180 வயது ஆகியிருக்க வேண்டும். சீட்டை நம்பாதே, நாவை நம்பு என்று ஒயின் ருசிப்பவர்களுக்கு அன்றே யாரோ சொல்லிவைத்தது போலிருக்கிறது.

மத்தியதரைக் கடல் ஒயின் நம் கரைக்கும் வந்திருக்கிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அந்தச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் பருகும் பாண்டியனை நக்கீரர் புறநானூற்றில் பாடுகிறார். நீண்ட கடல் வழியில் ஒயின் புளித்துக் காடியாகிவிடாமல் வருவதே பெரும்பாடு. சர்க்கரையோ சாராயச் சத்தோ மிகுந்த ஒயின்தான் அந்தப் பயணத்தைத் தாங்கும். பழங்கால வணிகர்கள் இனிப்பு ஒயினை விரும்பிய காரணம் இதில் பாதி அடங்கிவிடுகிறது.

ஆயிரம் ஆண்டு கடந்து, 13ஆம் நூற்றாண்டுப் பிரான்சுக்கு வருவோம். 1224ஐ ஒட்டி ஆன்ரி தாந்தெலி என்ற கவிஞர் ஒயின்களுக்குள் ஒரு போர் நடப்பதாகப் பாடினார். அரசர் ஃபிலிப் பல நாட்டு ஒயின்களை வரவழைக்கிறார். ஓர் ஆங்கிலப் பாதிரியார் ஒவ்வொன்றாய் ருசித்து, மட்டமானவற்றைத் திருச்சபையிலிருந்து விலக்குவதுபோல் விலக்குகிறார். இறுதியில் மிக உயர்ந்த பட்டம், போப்பாண்டவர் பட்டம், சைப்ரஸ் ஒயினுக்குக் கிடைக்கிறது. ஊர்களை வரிசைப்படுத்தி ஒயினுக்குத் தரம் போட்ட மிகப் பழைய எழுத்துகளில் இது ஒன்று. முதல் பரிசைத் தொலைதேசத்து இனிப்பு ஒயின் தட்டிச்சென்றதில் வியப்பில்லை. சர்க்கரை அன்று ஐரோப்பாவில் மருந்துக்கடைச் சரக்கு.

வெனிஸ் வணிகர்கள் கிரீட் தீவிலிருந்து மால்வாசியா என்ற இனிப்பு ஒயினை வட ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். கொடியும் கூடவே நகர்ந்தது. 1455இல் மதீரா தீவுக்கு வந்த வெனிஸ் கடலோடி கடமோஸ்டோ, கிரீட்டிலிருந்து கொண்டுவந்த மால்வாசியாக் கொடிகள் அங்கே வளர்வதைக் குறித்துவைத்தார். பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் மதீராவில் நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு இந்தியா வந்தன. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் மேசைகளில் மதீராதான் ஓடியது. வெப்ப மண்டலத்தைக் கடந்து விற்காமல் திரும்பிய பீப்பாய்களைத் திறந்தபோது, போனதைவிட வந்தது நன்றாக இருந்தது. கப்பலின் அடித்தளச் சூட்டில் ஒயின் பதமாகிவிட்டிருந்தது. சில காலம் ஒயினை வேண்டுமென்றே கடல் சுற்றிவர அனுப்பினார்கள். பிறகு கப்பலின் சூட்டையே கரையில் உண்டாக்கலாம் என்று கண்டு, தீவில் சூடேற்றும் அறைகளைக் கட்டிக்கொண்டார்கள்.

அழுகிய திராட்சை மேடைக்கு வருவது ஹங்கேரியில். அங்கே போட்ரோக் ஆறும் டிஸா ஆறும் கூடும் இடத்தில் டோகாய் குன்றுகள் இருக்கின்றன. இலையுதிர் காலக் காலைகளில் ஆற்று மூடுபனி கொடிகளின்மேல் படரும். மதியம் வெயில் அடிக்கும். இந்த ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருவதுதான் பொட்ரைட்டிஸ் சினெரியா என்ற பூஞ்சைக்குத் தேவை. மழை ஓயாமல் பெய்தால் அதே பூஞ்சை சாம்பல் நிறத்தில் பொங்கிக் கொத்து முழுவதையும் நாசமாக்கிவிடும். காலையில் பனி, மதியம் வெயில் என்று அமைந்தால் மட்டும் பழத்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடும். அந்தத் துளைகள் வழியே தண்ணீர் ஆவியாகும். பூஞ்சை சர்க்கரையிலும் புளிப்பிலும் ஒரு பங்கைத் தானே தின்றுகொள்ளும். ஆனால் தண்ணீர் அதைவிட வேகமாக வெளியேறுவதால், மிஞ்சும் துளிச் சாறு குழம்பாகத் திரளும். பழம் சுருங்கி, கபில நிறமாகி, மேலே சாம்பல் பூத்து நிற்கும். அதைப் பார்த்து நாவில் வைக்கத் துணிந்த முதல் ஆளை நான் மனதார மெச்சுகிறேன்.

அந்த முதல் ஆள் யார் என்பதற்கு டோகாயில் ஒரு கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் லோராண்ட்ஃபி சுசானா என்ற சீமாட்டியின் அரண்மனைப் போதகர் செப்ஷி லாட்ஸ்கோ மாதே, துருக்கியப் படை வரும் என்ற அச்சத்தில் அறுவடையைத் தள்ளிப்போட்டாராம். படை வரவில்லை, பழம் அழுகிவிட்டது. வீணாக்க மனமில்லாமல் பிழிந்து, ஈஸ்டர் திருநாளில் சீமாட்டிக்குக் கொடுத்தாராம். கதை அழகுதான். ஆனால் 1571ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல் ஒன்றிலேயே, அழுகிச் சுருங்கிய பழத்தில் செய்யும் 'அசு' ஒயின் இடம்பெற்றிருக்கிறது. போதகர் பிறப்பதற்கு முன்பே ஊரார் அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

அசு செய்யும் முறை பொறுமையைச் சோதிக்கும். சுருங்கிய பழங்களைக் கொத்திலிருந்து ஒன்றொன்றாகக் கிள்ளி, 'புட்டோன்' என்ற முதுகுக்கூடையில் சேர்ப்பார்கள். ஒரு கூடை சுமார் 25 கிலோ. 136 லிட்டர் பீப்பாய் ஒன்றின் ஒயினில் எத்தனை கூடைப் பழத்தை ஊறவைத்தார்களோ, அதுவே தரத்தின் அளவு. மூன்று கூடை, ஐந்து கூடை, ஆறு கூடை என்று புட்டியிலேயே எழுதினார்கள். நிலவறைச் சுவரெல்லாம் கறுப்புக் கம்பளிபோலப் படர்ந்திருப்பதும் வேறொரு பூஞ்சைதான். ஒயினின் ஆவியை உண்டு அது வாழ்கிறது. அழுத்தாமல், குவிந்த பழங்களின் சொந்தப் பாரத்திலேயே கசியும் சாறு 'எசென்சியா'. அதில் லிட்டருக்கு 450 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். அந்தத் தித்திப்பில் ஈஸ்ட் திணறுவதால், பல ஆண்டுகள் நொதித்தாலும் சாராயச் சத்து ஐந்து சதவீதத்தைத் தாண்டுவது அரிது. அதைக் கிளாஸில் அல்ல, கரண்டியில் பருகுகிறார்கள்.

டோகாயை உலகுக்குக் கொண்டுபோனவர்கள் போலந்து, யூத, கிரேக்க வணிகர்கள். ஹங்கேரியில் பிறந்து போலந்தில் வளர்ந்த ஒயின் என்று ஒரு சொலவடையே உண்டு. பீப்பாய்கள் கிராக்கோ, வார்சா நிலவறைகளில்தான் பதமாயின. ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிராகப் போரிட்ட இரண்டாம் ராகோட்சி ஃபெரன்ட்ஸ், ஆதரவு தேடிப் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயிக்கு டோகாய் அனுப்பினார். அரசியல் உதவி பெரிதாய்க் கிட்டவில்லை. ஒயினுக்குத்தான் வெர்சாய் வரை பேர் கிட்டியது. ரஷ்ய அரசவையோ 1733 முதல் 1798 வரை டோகாயிலேயே கொள்முதல் குழு ஒன்றை அமர்த்தியிருந்தது. 1737இல் அரச ஆணை ஒன்று எந்தெந்த ஊர்களில் விளைந்ததை டோகாய் எனலாம் என்று எல்லை வகுத்தது. 1855ஆம் ஆண்டுப் பொர்தோத் தரப்பட்டியலுக்கு அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது.

அடுத்த நிறுத்தம் ஜெர்மனியின் ரைன் கரை. யோஹானிஸ்பெர்க் மடத்துத் திராட்சையைப் பறிக்க ஃபுல்டா நகரத்து மடாதிபதியின் உத்தரவு வேண்டும். ஆண்டுதோறும் குதிரைத் தூதர் பழ மாதிரியோடு போய் அனுமதிச் சீட்டோடு திரும்புவார். 1775இல் அவர் வாரக்கணக்கில் தாமதித்தார். ஏன் என்று கேட்டால் வழிப்பறி முதல் காதல் வரை ஆளுக்கொரு விடை சொல்வார்கள். அவர் வந்து சேர்ந்தபோது பழமெல்லாம் அழுகியிருந்தது. இருந்தும் பறித்துப் பிழிந்தார்கள். அடுத்த ஆண்டு பீப்பாயைத் திறந்து ருசித்த மேற்பார்வையாளர், இப்படியொரு ஒயினை வாழ்நாளில் சுவைத்ததில்லை என்ற பொருளில் எழுதிவைத்தார். அந்தத் தூதருக்கு மாளிகை முற்றத்தில் இன்று சிலை இருக்கிறது. தாமதமாக வந்ததற்காகச் சிலை கிடைத்த அரசு ஊழியர் உலகில் வேறு யாரும் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மானியர்கள் கதையோடு நிற்காமல் அளவுகோலும் செய்தார்கள். ஃபோர்ட்ஸ்ஹைம் நகரத்துப் பொற்கொல்லர் ஃபெர்டினாண்ட் எக்ஸ்லே, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாற்றில் மிதக்கவிடும் ஒரு கருவியைப் பரப்பினார். ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கனமோ, அத்தனை எக்ஸ்லே. பழம் எவ்வளவு சுருங்கியது என்பதற்கு அப்போதுதான் ஒரு எண் கிடைத்தது. முழுக்கச் சுருங்கிய பழத்தில் செய்யும் ஜெர்மன் ஒயினுக்குச் சட்டம் இன்று குறைந்தது 150 எக்ஸ்லே கேட்கிறது.

இனி சோத்தேர்ன். 17ஆம் நூற்றாண்டில் பொர்தோவில் குடியேறிய டச்சு வணிகர்களுக்குத் தங்கள் நாட்டுச் சந்தைக்கு இனிப்பான வெள்ளை ஒயின் வேண்டியிருந்தது. கந்தகத் திரியைப் பீப்பாய்க்குள் எரித்தால், மிஞ்சிய சர்க்கரையில் மீண்டும் நொதித்தல் கிளம்பாது என்ற உத்தியையும் அவர்களே பரப்பினார்கள். வட்டாரத்தின் இயற்கையும் ஒத்துழைத்தது. காட்டு நிழலில் ஓடிவரும் குளிர்ந்த சிரோன் சிற்றாறு, வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில் இலையுதிர் காலத்தில் மூடுபனி எழும்பும். மெல்லிய தோலுள்ள செமியோன் திராட்சை அந்தப் பனிக்காகவே படைக்கப்பட்டது போல அமைந்தது.

சோத்தேர்னிலும் தற்செயல் கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1836இல் லா தூர் பிளான்ஷ் தோட்டத்து ஃபோக்கே என்ற ஜெர்மானிய வணிகர் மழை ஓயக் காத்திருந்ததில் இந்த ஒயின் பிறந்தது என்பார்கள். 1847இல் இகெம் உரிமையாளர் ரஷ்யாவிலிருந்து திரும்பத் தாமதித்ததில் பிறந்தது என்றும் சொல்வார்கள். ஆனால் 1666ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று, அக்டோபர் நடுவுக்கு முன் அங்கே பறிக்கும் வழக்கமில்லை என்று பதிந்திருக்கிறது. ஹங்கேரியில் படை பயம், ஜெர்மனியில் தூதர், பிரான்சில் பயணம் போன சீமான். எல்லாக் கதைகளும் ஒரே அச்சில் வார்த்தவை. எனக்குப் படுவது இதுதான்: அழுகிய பழத்தை வேண்டுமென்றே தேடிப் பறிக்கிறோம் என்று வாங்குபவரிடம் சொல்ல எந்த ஊருக்கும் நா எழவில்லை. தாமதம், தற்செயல், கடவுள் செயல் என்று சொல்வது வியாபாரத்துக்கு நல்லது. குடியானவர்களின் நூறாண்டு அனுபவம் இப்படித்தான் ஒரு பாதிரியார் பேரிலும் ஒரு சீமான் பேரிலும் எழுதப்பட்டது.

வாங்குபவர்களும் சாமானியர்கள் அல்ல. 1787இல் பொர்தோ வந்த தாமஸ் ஜெஃபர்சன், 1784ஆம் ஆண்டு இகெம் 250 புட்டிகளுக்குச் சொல்லியனுப்பினார். 1790இல் ஜார்ஜ் வாஷிங்டனுக்காக 30 டஜன், தனக்காக 10 டஜன் வரவழைத்தார். 1859இல் ரஷ்யப் பேரரசரின் தம்பி கான்ஸ்டன்டைன் 1847ஆம் ஆண்டு இகெமில் ஒரு தோனோவுக்கு, அதாவது 900 லிட்டருக்கு, 20,000 பொன் பிராங்க் கொடுத்தார். 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் பொர்தோத் தரகர்கள் சந்தை விலையைப் பார்த்துத் தரவரிசை போட்டபோது, எல்லாவற்றுக்கும் மேலே தனி வகுப்பு ஒன்றை இகெமுக்கு மட்டும் ஒதுக்கினார்கள். ஜெஃபர்சன் பெயர் 20ஆம் நூற்றாண்டில் போலிக்காரர்களுக்கும் உதவியது. 1980களில் அவருடைய பெயரெழுத்து பொறித்த 18ஆம் நூற்றாண்டுப் புட்டிகள் என்று சில லண்டன் ஏலத்துக்கு வந்தன. இகெமும் அவற்றில் இருந்தது. அந்த எழுத்துகள் நவீன மின்கருவியால் செதுக்கியவை என்று பின்னாளில் விசாரணையில் தெரியவந்தது.

பொர்தோவில் குடியேறிய அதே 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இனிப்பு ஒயினை ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் கொண்டுபோனார்கள். 1685இல் கேப் நிர்வாகி சைமன் வான் டெர் ஸ்டெல் கான்ஸ்டன்ஷியா பண்ணையைப் பெற்றார். அங்கே பூஞ்சைக்கு வேலையில்லை. மஸ்கட் திராட்சையைக் கொடியிலேயே வாட வைத்தார்கள். கொடிகளைப் பேணியவர்கள் அடிமைகள். மடகாஸ்கர், இலங்கை, வங்கம் ஆகிய இடங்களிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் டச்சுக் கப்பல்கள் அவர்களைக் கேப்புக்கு ஏற்றிச்சென்றன. ஐரோப்பிய அரண்மனைகளில் புகழ்ந்து பேசப்பட்ட ஒயினின் கணக்கில் அந்த மனிதர்களையும் எழுதியாக வேண்டும். செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியன் குடித்ததும், 1811இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் முதல் நாவலில் காதல் முறிவுக்கு மருந்தாகத் தரப்படுவதும் இந்தக் கான்ஸ்டன்ஷியாதான். அதே 1811இல் மாபெரும் வால்நட்சத்திரம் ஒன்று மாதக்கணக்கில் ஐரோப்பிய வானில் நின்றது. அவ்வாண்டு விளைச்சலும் சிறந்து, 'வால்நட்சத்திர ஒயின்' என்ற பெயரே ஏற்பட்டது. 1811ஆம் ஆண்டு இகெம் ஒரு புட்டி 2011இல் 75,000 பவுண்டுக்கு விற்றது. கான்ஸ்டன்ஷியாவோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொடிவேரைத் தின்னும் ஃபைலாக்செரா பூச்சியிலும் கடனிலும் வீழ்ந்து மறைந்தது. 1986ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்துதான் க்ளைன் கான்ஸ்டன்ஷியா பண்ணை அதை மீண்டும் எழுப்பியது.

நகலெடுத்தவர்களின் பட்டியல் நீளமானது. டோகாய் என்ற பெயரை பிரான்சின் அல்சாஸ், இத்தாலியின் ஃப்ரியூலி, ஆஸ்திரேலியாவின் ரதர்க்ளென் என மூன்று திசையில் எடுத்துக்கொண்டார்கள். திராட்சையும் வேறு, முறையும் வேறு. ஹங்கேரி ஐரோப்பியச் சமூகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால், ஐரோப்பாவில் அந்தப் பெயர்கள் 2007உடன் முடிவுக்கு வந்தன. பெயரை விட்டு முறையை நகலெடுத்தவர்கள் சுவாரசியமானவர்கள். கலிஃபோர்னியாவில் பனி போதாது. 1950களில் மைரன் நைட்டிங்கேலும் அவர் மனைவி ஆலிஸும் பறித்த திராட்சையைத் தட்டுகளில் பரப்பி, பூஞ்சை வித்துகளைத் தெளித்து, அறைக்குள்ளேயே மூடுபனியும் வெயிலும் மாறி மாறி வரும்படி செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் ஊரில், கேட்பாரில்லாமல் கொடியில் கிடந்து அழுகிய செமியோனில் டி பொர்டோலி குடும்பம் 1982இல் ஒரு ஒயின் செய்தது. அது சோத்தேர்னுக்கு இணையாகப் பரிசுகளை அள்ளியது.

சரி, ஒரு நல்ல ஆண்டை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

முதல் தீர்ப்பு தோட்டத்தில். அழுகல் எல்லாப் பழத்திலும் ஒரே நாளில் வராது. எனவே ஒரே கொடிக்கு ஐந்தாறு முறை, வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து, பதமான பழத்தை மட்டும் வெட்டுவார்கள். சந்தேகமான பழத்தை வாயில் போட்டே பார்த்துவிடுவார்கள். இகெமில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் தேறும் என்பது கணக்கு. ஹெக்டேருக்குச் சராசரி 900 லிட்டர். பொர்தோவின் சாதாரணத் தோட்டம் ஒன்று அதைப்போல் நான்கைந்து மடங்கு தரும். ஒவ்வொரு நாள் பறிப்பும் தனித்தனிப் பீப்பாய்க்குப் போகும். ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் இருக்கும்போது திரும்பத் திரும்ப ருசித்து, தேறாத பீப்பாயைக் கழிப்பார்கள். சில ஆண்டுகளில் கழித்தபின் ஒன்றும் மிஞ்சாது. 2012இல் நடந்தது அதுதான்.

கிளாஸுக்கு வந்தபின் முதலில் கண். இளம் சோத்தேர்ன் வைக்கோல் பொன்னாக இருக்கும். பத்திருபது ஆண்டில் பழம்பொன், ஐம்பதில் தேயிலை டிகாஷன் நிறம். நிறத்தை மட்டும் வைத்து வயதைச் சொல்லக்கூடாது. வெப்பமான ஆண்டின் ஒயின் சீக்கிரமே கறுக்கும். அடுத்து மூக்கு. சர்க்கரை பாதாமி, தேன், ஆரஞ்சுத் தோல், இஞ்சி, குங்குமப்பூ ஆகிய மணங்கள் வந்தால் நல்ல பூஞ்சை வேலை செய்திருக்கிறது. காளான், ஈரமண் வாடை வந்தால் சாம்பல் அழுகல் புகுந்திருக்கிறது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி லேசாக இருந்தால் மன்னிப்பார்கள், தூக்கலாக இருந்தால் மாட்டார்கள்.

பிறகு நா. புதியவர்கள் தவறுவது இங்கேதான். எவ்வளவு இனிப்பு என்று பார்ப்பது பயனற்றது. நல்ல சோத்தேர்னில் லிட்டருக்கு 120 முதல் 150 கிராம் சர்க்கரை இருக்கும். கோலா பானத்தைவிட அதிகம். இனிப்பு எல்லா ஆண்டிலும் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு மாறுவது புளிப்பு. பாகு பதமாக இருந்தும் எலுமிச்சை பிழியாத பானகம் திகட்டுமே, அப்படித்தான் புளிப்பு குறைந்த ஆண்டின் ஒயினும் இரண்டாம் மிடறில் களைப்பைத் தரும். 2003இல் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலை சர்க்கரையை வாரி வழங்கியது, புளிப்பைத் தரவில்லை. 1988, 1989, 1990 மூன்றும் அடுத்தடுத்து வந்த பெரிய ஆண்டுகள். 1990 மிகக் கொழுத்தது என்பதால் அன்று பலரும் அதையே தூக்கிப் பேசினார்கள். பனி மெல்ல வந்து வேலை செய்த 1988இன் நிதானமான நேர்த்தியையே நான் விரும்புவேன். 2001இல் எல்லாம் ஒன்றுகூடின: பரவலான நல்ல பூஞ்சை, செறிவு, அதைத் தூக்கி நிறுத்தும் புளிப்பு. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அவ்வாண்டு இகெமுக்கு 100க்கு 100 போட்டார். டோகாய் அசு இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. அங்குள்ள ஃபுர்மின்ட் திராட்சைக்கு இயல்பிலேயே புளிப்பு அதிகம். அதனால்தான் சோத்தேர்னைவிட இனிப்பான அசுவும் நாவில் இலகுவாய் நிற்கிறது.

கடைசியில் நீளம். விழுங்கியபின், அல்லது துப்பியபின், சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்குக் 'கோதாலி' என்று ஓர் அலகே வைத்திருக்கிறார்கள். ஒரு கோதாலி ஒரு விநாடி. கவனிக்க வேண்டியது எத்தனை விநாடி என்பதோடு, கடைசியில் நிற்பது எது என்பதையும்தான். வெறும் சர்க்கரை ஒட்டிக்கொண்டு நின்றால் சாதாரண ஆண்டு. இனிப்பு விலகி, வாய் சுத்தமாகி, குங்குமப்பூவும் ஆரஞ்சுத் தோலின் மெல்லிய கசப்பும் நின்றால் நல்ல ஆண்டு. இளம் ஒயினில் மரப்பீப்பாயும் கந்தகமும் குறுக்கே நிற்கும் என்பதால், முதல் வசந்தத்தில் போடும் மதிப்பெண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பத்தாண்டு கழித்து மீண்டும் ருசித்து எழுதியவரின் குறிப்புக்கே மதிப்பு அதிகம்.

இவ்வளவு உழைப்பும் இழப்பும் பொறுத்த ஒயினுக்கு இன்று வாங்குவோர் குறைந்துவருகிறார்கள் என்பது வருத்தமான உண்மை. சோத்தேர்னில் பல தோட்டங்கள் இனிப்பில்லாத வெள்ளை ஒயின் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. இகெம் விலை எட்டாத உயரத்தில் இருந்தாலும், பக்கத்து பார்சாக் ஊரின் நல்ல தோட்டங்கள், அதே தரத்துச் சிவப்பு ஒயினோடு பார்த்தால், மிகக் குறைந்த விலைக்கே விற்கின்றன. கொடிக்கு ஒரு கிளாஸ் என்ற கணக்கை அறிந்தவர்களுக்கு இது அநியாயமாகத்தான் தோன்றும். வாய்ப்புக் கிடைப்பவர்கள் அரைப் புட்டி வாங்கினால் போதும். 10 முதல் 12 டிகிரி வரை குளிரவைத்து, அதைவிட இனிப்பான எதையும் பக்கத்தில் வைக்காமல், உப்பு தூக்கலான நீலப் பாலாடைக்கட்டியோடு சுவைத்துப் பாருங்கள். அந்தப் பாலாடைக்கட்டியின் நீல நரம்பும் ஒரு பூஞ்சைதான். திறந்த புட்டி குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். முதல் நாளைவிட மூன்றாம் நாள் மணம் விரிந்திருப்பதும் உண்டு.